இல்லத்தின் காவல்: படிக்கட்டின் கீழே ஒரு பேட்டரி



இல்லத்தை நடத்துவதற்கடுத்த காரியங்களை மாதந்தோறும் இந்தப் பகுதியில் வேத வெளிச்சத்தில் சிந்தித்து வருகிறோம். இம்மாதம் லாலாகுடாவில் வசிக்கும் ஒரு சகோதரியின் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் எழுதியிருப்பதன் சாரம் இது:

“நாங்கள் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் இன்வெர்ட்டரும் பேட்டரியும் படிக்கட்டின் கீழே, செருப்பு அலமாரிக்கும் பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கும் நடுவே இருக்கின்றன. ஒரு வாரமாகக் கரண்ட் வந்து சார்ஜ் ஏறும்போதெல்லாம் அழுகிய முட்டையைப்போல் ஒரு நாற்றம் வருகிறது. பேட்டரியைத் தொட்டால் சுடுகிறது. என் மாமியார் சுவாசக் கோளாறினால் இரவில் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் உதவியோடு தூங்குகிறார்கள். எனக்குப் பயமாயிருக்கிறது. ஆனால் குடும்பத்தில் ஒரு பெரியவர், ‘ஜெபித்துவிட்டுப் படுங்கள், கர்த்தர் காப்பார், பயப்படுவது அவிசுவாசம்’ என்கிறார். நான் என்ன செய்வது? என் பயம் அவிசுவாசமா?”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று பேட்டரியைக் குறித்தது. மற்றது விசுவாசத்தைக் குறித்தது. தாமதிக்கக் கூடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லுவோம்.

முதலாவது செய்யவேண்டியது

சகோதரியே, அந்த நாற்றம் ஓர் எச்சரிப்பு. பேட்டரிக்கு அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும்போதும், உள்ளே ஓர் அறை கெட்டுப்போகும்போதும், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு வெளிவரக்கூடும். அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையது. இந்த வாயு நம்முடைய மோப்பத்தையே மழுங்கச் செய்யும். ஆகையால் சிறிது நேரத்தில் நாற்றம் குறைந்ததுபோல் தோன்றினாலும் ஆபத்து நீங்கிவிட்டதென்று எண்ணலாகாது.

முதலில் கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். வீட்டிலுள்ளவர்களை, விசேஷமாக மாமியாரையும் பிள்ளைகளையும், நல்ல காற்றுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். தலைசுற்றலோ தலைவலியோ இருந்தால் மருத்துவரிடம் காண்பியுங்கள். பேட்டரியின் அருகே தீக்குச்சி, மெழுகுவர்த்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் வேண்டாம். இன்வெர்ட்டருக்கு வரும் மின்சாரத்தை, பேட்டரிக்குத் தூரத்திலுள்ள போர்டிலேயே நிறுத்திவிடுங்கள். சூடான பேட்டரியின் மூடிகளைத் திறக்கவோ அதில் தண்ணீர் ஊற்றவோ கூடாது. அது ஆறின பின்பு, அதற்குரிய தொழில் தெரிந்தவரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தால் அதை இனி உபயோகிக்கவேண்டாம், அது முடிந்துபோனது. இன்வெர்ட்டரின் சார்ஜர் பழுதாகியிருந்தால், புதுப் பேட்டரி வாங்கி மாட்டினாலும் அதுவும் அவ்விதமே கெடும். ஆகவே இரண்டையும் சோதிக்கவேண்டும்.

பயம் அவிசுவாசமா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். உபாகமம் 22-ம் அதிகாரம் 8-ம் வசனத்தை உங்கள் வேதாகமத்தில் எடுத்து வாசியுங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டுமென்று கர்த்தர் அங்கே கட்டளையிடுகிறார். ஒருவன் அதிலிருந்து விழுந்தால், வீட்டின்மேல் இரத்தப்பழி வராதபடிக்கு இந்தக் கட்டளை. கவனியுங்கள், தம்முடைய ஜனத்தை எகிப்திலிருந்து பலத்த கரத்தினால் கொண்டுவந்த தேவன், வனாந்தரத்தில் மன்னாவினால் போஷித்த தேவன், “நான் காப்பேன், சுவர் வேண்டாம்” என்று சொல்லவில்லை. சுவர் கட்டச் சொன்னார். கட்டாமல் விட்டால் அந்த வீட்டாரிடத்தில் கணக்குக் கேட்பதாகவும் சொன்னார்.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டினபோது என்ன செய்தான்? ஜெபமும்பண்ணினான், இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தான் (நெகேமியா 4:9). ஜெபம் ஒரு கை, காவல் மற்றொரு கை. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி சோதனைக்காரன் நம்முடைய ஆண்டவரைத் தூண்டினபோது, காப்பாற்றப்படுவதைப் பற்றிய வேத வாக்கியத்தையே அவன் காட்டினான். ஆண்டவரோ, தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்று பதிலுரைத்தார் (மத்தேயு 4:5-7). சுடுகிற பேட்டரியைக் கண்டும் காணாமல் ஜெபித்துவிட்டுப் படுப்பது எதைச் சேரும் என்பதை நாம் நிதானித்துப் பார்க்கவேண்டும். சகோதரியே, உங்கள் பயம் அவிசுவாசமல்ல. உங்கள் வீட்டாருக்காகக் கர்த்தர் உங்களுக்குள் வைத்த விழிப்பு அது. பெரியவர் சொன்னதிலும் ஒரு பாதி உண்மை உண்டு. ஜெபியுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள்.

லாலாகுடா அறிந்த வேலை

பேட்டரியைப் பேணுவது லாலாகுடாவுக்குப் புதிதல்ல. நிஜாமின் காலத்து ரயில்வே 1893-ம் ஆண்டில் அமைத்த லாலாகுடாப் பணிமனை இன்றும் தென் மத்திய ரயில்வேயின் கீழ் பெட்டிகளைப் பழுதுபார்த்து அனுப்புகிறது. ரயில்வே, ராணுவம் ஆகிய இவ்விரண்டு வேலைகளின் நிமித்தம் செகந்திராபாத் பக்கம் வந்து குடியேறின தமிழ்க் குடும்பங்கள் அநேகம். சென்னை பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய தொழிற்சாலையில் உருவான பெட்டிகள் இவ்விதமான பணிமனைகளுக்குத்தான் காலமுறைப்படி பழுதுபார்ப்புக்கு வரும்.

அந்தப் பெட்டிகளில் விளக்கும் மின்விசிறியும் எப்படி ஓடின? பெட்டியின் அடியில் பேட்டரிகள் இருக்கும். ரயில் ஓடும்போது சக்கரத்தின் அச்சு சுழன்று ஒரு ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். அதிலிருந்து பிறக்கும் மின்சாரம் விளக்குகளுக்கும் போகும், பேட்டரியிலும் சேரும். ரயில் நிலையத்தில் நின்றால் பேட்டரி கைகொடுக்கும். வண்டி வெகுநேரம் சிக்னலில் நின்றபோது விளக்குகள் மங்கி, விசிறிகள் தளர்ந்ததை உங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். இப்பொழுது வரும் எல்.எச்.பி. பெட்டிகள் பலவற்றுக்கு எஞ்சினிலிருந்தே மின்சாரம் வருகிறது. ஆனாலும் பழைய பெட்டியின் பாடம் மாறவில்லை: சேர்த்து வைத்ததைத்தான் செலவிடமுடியும். அடியில் இருக்கும் பேட்டரியை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆனால் அதைப் பேணுகிறவன் அசதியாயிருந்தால் பெட்டி முழுவதும் இருட்டாகும்.

பேட்டரிக்குள் நடப்பது என்ன?

நம்முடைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஈய–அமில பேட்டரி. பிரெஞ்சு நாட்டவரான கஸ்தோன் பிளாந்தே 1859-ல் இதைக் கண்டுபிடித்தார். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். பேட்டரி செலவாகும்போது அமிலத்திலுள்ள சல்பேட் தகடுகளில் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது மறுபடியும் கரைந்து அமிலத்துக்குத் திரும்புகிறது. செலவான பேட்டரியை நாட்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், படிந்த சல்பேட் கெட்டியான படிகமாகிவிடும். பின்பு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது கரையாது. பேட்டரிகள் அகால மரணமடைவதற்கு முக்கியமான ஒரு காரணம் இதுவே.

சார்ஜ் முடியும் தறுவாயில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெளிவருகின்றன. அதனால்தான் தண்ணீர் குறைகிறது, அமிலம் குறைவதில்லை. ஹைட்ரஜனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமுள்ள இடத்தில் அது உடனே மேலெழும்பிக் கலைந்துபோகும். அடைத்த அலமாரிக்குள் தங்கிவிடும்.

எங்கே வைக்கவேண்டும்?

2022-ம் ஆண்டு செப்டம்பர் 12-ம் தேதி இரவு செகந்திராபாத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ரூபி ஹோட்டல் இருந்த கட்டடத்தின் கீழே மின் ஸ்கூட்டர்கள் வைக்கப்பட்டிருந்த பகுதியில் தீப்பிடித்தது. புகை மேல்மாடிகளுக்கு ஏறி, அங்கே தங்கியிருந்தவர்களில் 8 பேர் உயிரிழந்தார்கள். ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி வேறு, நம்முடைய இன்வெர்ட்டரின் ஈய பேட்டரி வேறு என்பது மெய்தான். ஆயினும் பாடம் இருவகைக்கும் ஒன்றே: மனிதர் தப்பிச் செல்லும் ஒரே வழியின் கீழே, எரியக்கூடியதை வைக்கலாகாது. புகை எப்போதும் படிக்கட்டு வழியாய் மேலே ஏறும். மேலே இருப்பவர்களோ அதே படிக்கட்டு வழியாய்த்தான் இறங்கவேண்டும்.

ஆகையால் படிக்கட்டின் கீழ் இருக்கும் பேட்டரியை இடம் மாற்றுங்கள். வீட்டுக்காரரிடம் தாழ்மையாய்க் கேட்டால், பால்கனியிலோ காற்றோட்டமுள்ள வராந்தாவிலோ ஒரு மூலை தருவார். உடனே மாற்ற இயலாவிட்டால், குறைந்தபட்சம் செய்தித்தாள், துணி, செருப்பு, பெயின்ட் டப்பா யாவையும் இன்றே அகற்றுங்கள். படுக்கையறையில் பேட்டரி வேண்டாம். சமையலறையில், கேஸ் சிலிண்டரின் அருகே வேண்டவே வேண்டாம். நேர் வெயிலும் மழைச் சாரலும் படக்கூடாது. இன்வெர்ட்டரைச் சுற்றி நாலு பக்கமும் காற்றுப் போக இடம் விடுங்கள். அதன்மேல் துணி விரித்துப் பூச்சாடி வைக்காதிருங்கள்.

வெப்பமும் ஒரு சத்துரு. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழில் அறிந்தவர்களின் கணக்கு. ஐதராபாத்தின் மே மாதம் நமக்குத் தெரியும். தகரக் கொட்டகையின் அடியில் வேகும் பேட்டரி, நிழலில் இருக்கும் பேட்டரியைப்போல் உழைக்காது.

மற்றுமொரு எச்சரிப்பு: 150 ஆம்பியர்-மணி பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளது, உள்ளே அமிலமும் இருக்கிறது. தனியாய்த் தூக்கவும் வேண்டாம், சாய்க்கவும் வேண்டாம். அதற்கென்றுள்ள சக்கர வண்டியை உபயோகியுங்கள்.

தண்ணீர்

கூடாரத்தின் குத்துவிளக்குக்கு எப்படிப்பட்ட எண்ணெய் வேண்டுமென்று லேவியராகமம் 24-ம் அதிகாரம் சொல்லுகிறது: இடித்துப் பிழிந்த தெளிவான ஒலிவ எண்ணெய். ஏதோ ஓர் எண்ணெய் போதாது. பேட்டரியும் அப்படியே. டிஸ்டில்ட் வாட்டர் என்று கேட்டு வாங்கும் காய்ச்சி வடித்த நீர் மாத்திரமே அதற்கு ஏற்றது.

குழாய்த் தண்ணீரில் உப்புகளும் குளோரினும் உண்டு. ஐதராபாத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினம் உங்கள் பாத்திரங்களில் படியும் வெள்ளைப் படலத்தில் தெரியும். அவை தகடுகளைக் கெடுக்கும். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரிலும் பாட்டில் தண்ணீரிலும் தாது உப்புகள் மிச்சமிருக்கின்றன. சிலர் ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். அது நீராவி குளிர்ந்து வந்ததுதான். ஆனால் தூசியையும் உலோகத் துகளையும் கழுவிக்கொண்டு வருகிறது. ஆகையால் அதுவும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்குள் முடியும் காரியத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பொருளைக் கெடுப்பது ஞானமல்ல.

மிதவைக் குறி பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். கோடைகாலத்தில் மாதம் ஒருமுறையும், மற்றக் காலங்களில் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும். மேல் குறிக்கு மேல் ஊற்றவேண்டாம். சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். சார்ஜ் முழுவதும் ஏறின பின்பு, இன்வெர்ட்டரை நிறுத்தி, சற்று ஆறவிட்டு ஊற்றுவது நல்லது. தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மாத்திரம், முதலில் தகடுகள் மூழ்குமட்டும் ஊற்றி, சார்ஜ் ஏற்றின பின்பு மீதியை நிரப்புங்கள். ஒருபோதும் அமிலம் ஊற்றாதிருங்கள். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் அடிக்கடி வற்றினால் அந்த அறை நோயுற்றிருக்கிறதென்று அறிந்து சோதிக்கச் செய்யுங்கள்.

இந்த வேலையைச் செய்யும்போது ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணியுங்கள். அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால், தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவி, கண்ணானால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும்.

முனைகளும் இணைப்புகளும்

பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? அது அமிலத்தின் அரிப்பு. அதனால் மின்சாரம் தடைபட்டு முனை சுடும். முதலாவது இன்வெர்ட்டரை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கை எடுத்துவிடுங்கள். கழற்றும்போது கறுப்பு நிற எதிர்முனையை முதலிலும், சிவப்பு நிற நேர்முனையை அடுத்தும் கழற்றுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியினால் துலக்கி, ஈரம்போகத் துடைத்து, இறுக்கமாய் மாட்டி, மேலே வாசலைன் பூசுங்கள். சோடாத் தண்ணீர் அறைக்குள் போகாதபடி மூடிகள் மூடியிருக்கட்டும். மூடியிலுள்ள சிறு துவாரங்களில் தூசி அடைந்திராதபடி பாருங்கள். வாயு வெளியேறும் வழி அதுதான்.

நம்மில் அநேகர் நகை அணிவதில்லை. ஆனாலும் கைக்கடிகாரமும் உலோகச் சட்டமுள்ள மூக்குக்கண்ணாடிக் கயிறும் உண்டு; அவற்றையும் எடுத்துவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாயிருப்பார்கள். ஒரு ஸ்பேனர் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பே சிவக்கும்.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே தகுந்த ஃபியூஸ் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வீட்டில் ஒயரிங் வேலை நடக்கும்போது இதை மறவாதிருங்கள்: மெயின் சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். மின்வெட்டு என்று நினைத்து அது உடனே விழித்துக்கொள்ளும். மெயினை அணைக்கிறவர் இன்வெர்ட்டரையும் அணைத்தபின்பே ஒயரைத் தொடவேண்டும்.

எவ்வளவு பாரம் சுமக்கும்?

ஒரு கணக்குப் போடுவோம். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் 1800 வாட்-மணி சக்தி இருக்கிறது. அதை முழுவதும் வற்றவிடக் கூடாது. நூற்றுக்கு 80 பங்கை எடுக்கலாம். இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு வீணாகும். ஆகவே புதிய பேட்டரியில் நம் கைக்கு வருவது ஏறக்குறைய 1150 வாட்-மணி. 75 வாட் விசிறிகள் மூன்று, 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, ஒரு வைஃபை பெட்டி சேர்ந்தால் சுமார் 270 வாட். நாலு மணி நேரம் ஓடும். அதே இடத்தில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டினால் எட்டு மணி நேரம் வரும். பெரிய பேட்டரி வாங்குமுன் விசிறியை மாற்றுவது எளிய வழியாயிருக்கலாம். ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், தண்ணீர் மோட்டார் இவைகள் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரின் இணைப்பில் இருக்கலாகாது.

சகோதரியின் மாமியாரைக் குறித்து ஒரு வார்த்தை. நிமிஷத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்ஸிஜன் இயந்திரம் பொதுவாக 300 வாட்டுக்கு மேல் எடுக்கும். மேலே சொன்ன பேட்டரி முழுப் பலத்தோடு இருந்தாலும், அந்த இயந்திரம் ஒன்றை மாத்திரமே மூன்று மணி நேரம் அளவுக்குத் தாங்கும். பழைய பேட்டரியானால் ஒரு மணி நேரம்கூட வராமற்போகலாம். ஆகவே இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்றும், அதன் திறன் போதுமா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பகலில், அவர்கள் விழித்திருக்கையில், வீட்டார் அருகில் நின்று மின்சாரத்தை நிறுத்தி எவ்வளவு நேரம் ஓடுகிறதென்று பாருங்கள். எப்படியிருந்தாலும், மருத்துவரின் ஆலோசனைப்படி ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும் வீட்டில் ஆயத்தமாயிருக்கட்டும். அதன் அருகே நெருப்பு வேண்டாம். ஓர் உயிரை ஒரே பேட்டரியின்மேல் சார்த்திவைக்கலாகாது.

சும்மா இருப்பதும் கெடுதி

2012, 2013-ம் ஆண்டுகளில், ஆந்திரப் பிரதேசம் ஒன்றாயிருந்த காலத்தில், ஐதராபாத்திலும் நேரம் குறித்து மின்வெட்டு இருந்தது. அதே நாட்களில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாதிருந்தது. அந்நாட்களில்தான் நம்மில் அநேகர் ஊரிலும் இங்கேயும் இன்வெர்ட்டர் வாங்கினோம். 2014-ல் தெலங்கானா மாநிலம் உருவானதற்குப் பின்வந்த ஆண்டுகளில் மின்வெட்டு வெகுவாய்க் குறைந்தது. இதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் வேலையில்லாத பேட்டரியை எவரும் நினைப்பதில்லை. கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்த இரவில்தான், அது பத்து நிமிஷமும் தாங்காதென்பது தெரியவரும்.

மத்தேயு 25-ம் அதிகாரத்தின் புத்தியில்லாத கன்னிகைகளிடத்தில் தீவட்டி இல்லாமலில்லை. அது அணைந்துபோகும் என்று அறிந்த நேரம்தான் பிந்திவிட்டது. ஆகையால் மாதத்தில் ஒருநாள், பகலில், மின்சாரத்தை நிறுத்தி விளக்கும் விசிறியும் இரண்டு மணி நேரம் பேட்டரியில் ஓடட்டும். பின்பு முழுவதும் சார்ஜ் ஏறட்டும். எவ்வளவு நேரம் தாங்கினது என்பதைத் தேதியோடு ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்தால், பேட்டரி தளர்வதை முன்கூட்டியே அறியலாம்.

கோடை விடுமுறைக்கு நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ ஒரு மாதம் போகிறவர்கள், தண்ணீர் நிரப்பி, முழுச் சார்ஜ் ஏற்றி, இன்வெர்ட்டரையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் நிறுத்தி, எதிர்முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வந்தவுடன் சார்ஜ் ஏற்றுங்கள். ஆளில்லாத பூட்டிய வீட்டில் அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கவேண்டாம்.

புதிதாய் வரும் லித்தியம் பேட்டரிகளுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. அதிக நாள் உழைக்கும். ஆனால் அதற்கேற்ற இன்வெர்ட்டரோடுதான் இணைக்கவேண்டும். ஈய பேட்டரிக்குரிய பழைய சார்ஜரில் மாட்டக்கூடாது. திறந்து பழுதுபார்க்கவும் கூடாது.

பழைய பேட்டரி எங்கே போகிறது?

தெருவில் வரும் பழைய சாமான்காரர் சில நூறு ரூபாய் அதிகம் தருகிறாரென்று பேட்டரியைக் கொடுத்துவிடுகிறோம். அது எங்கோ ஒரு குடிசையின் பின்னால் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படக்கூடும். அந்தப் புகையையும் தூசியையும் சுவாசிப்பது அங்கே விளையாடும் பிள்ளைகள். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாய்க் கூறிற்று. இந்தியாவில் மாத்திரம் 27 கோடிக்கு மேலான பிள்ளைகள். முறையின்றிப் பேட்டரியை உருக்குவது அதற்கு ஒரு முக்கிய காரணமென்றும் அது காட்டிற்று. 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பப் பெற்று முறையாய் மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொண்டு, ரசீது வாங்குங்கள். கைப்பிடிச்சுவர் நம்முடைய பிள்ளைகளுக்கு மாத்திரமல்ல, அயலானுடைய பிள்ளைகளுக்கும்தான்.

சபையாருக்கு ஒரு வார்த்தை

முழுஇரவு ஜெபத்தில் ஒலிபெருக்கியும் கீபோர்டும் விசிறிகளும் சேர்ந்து ஓடுகின்றன. மேடைக்குப் பின்னால், பாய்களும் நாற்காலிகளும் அடுக்கிய அறையில், பேட்டரி பூட்டப்பட்டிருக்கிறது. சாவி யாரிடம்? தண்ணீர் ஊற்றினது யார், எப்போது? அநேக சபைகளில் இதற்குப் பதில் கிடைப்பதில்லை. எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடப்பட்டதை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் விளக்கையோ கர்த்தர் அப்படி விடவில்லை. சாயங்காலம் தொடங்கி விடியற்காலம் வரைக்கும் அதைக் கவனிக்க ஆரோனைப் பேர்சொல்லி நியமித்தார். உங்கள் சபையிலும் ஒரு வாலிப சகோதரனை நியமியுங்கள். பிரசங்க பீடத்தின்மேல் நிற்கும் ஊழியத்தைப்போலவே, மறைவில் கையுறை அணிந்து தண்ணீர் ஊற்றுகிற ஊழியத்தையும் கர்த்தர் காண்கிறார். அந்த அறையில் அடுக்கியிருக்கும் பாய்களை வேறிடத்துக்கு மாற்றுவது அவருடைய முதல் வேலையாயிருக்கட்டும்.

பிரியமானவர்களே, இந்தப் பத்திரிகையை மூடிவைக்குமுன் எழுந்து சென்று உங்கள் பேட்டரியைப் பாருங்கள். சுற்றிலும் என்ன அடுக்கியிருக்கிறது? மிதவை எந்தக் குறியில் நிற்கிறது? முனை சுடுகிறதா? நாற்றம் உண்டா? இந்த நாலு கேள்விகளுக்கு ஐந்து நிமிஷம் போதும்.

ஜெபம்: எங்கள் பரம தகப்பனே, எங்களுக்குத் தந்த இல்லத்துக்காக உம்மைத் துதிக்கிறோம். எங்கள் கூரையின்கீழ் உறங்குகிறவர்களைக் காத்தருளும். நாங்கள் கட்டவேண்டிய சுவரைக் கட்டாமல் உம்மைப் பரீட்சை பாராதபடி எங்களுக்கு விழிப்பைத் தாரும். சுவாசிக்கப் பிரயாசப்படும் அந்தத் தாயாருக்குச் சுகத்தைக் கட்டளையிடும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.